மவுஸும் கீபோர்டும் பைத்தான் கையில்: வாசகர் கேள்வி பதில்

கீபோர்டையும் மவுஸையும் நிரலால் இயக்குவது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலானவை பைஆட்டோஜியுஐ என்ற பைத்தான் லைப்ரரியைப் பற்றியவை. அல் ஸ்வைகார்ட் எழுதிய இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபங்ஷன் பெயர்களை ஒற்றை மேற்கோளுக்குள் தந்திருக்கிறோம்.

எக்செல் கோப்பில் 400 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு பழைய சரக்கிருப்பு மென்பொருளில் கையால் ஏற்றி வருகிறேன். பைஆட்டோஜியுஐ கொண்டு செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் அது கடைசியாகக் கையில் எடுக்க வேண்டிய கருவி. அந்த மென்பொருளில் கோப்பிலிருந்து நேரடியாக ஏற்றும் வசதி ஏதேனும் மெனுவுக்குள் இருக்கிறதா என்று முதலில் துழாவுங்கள். இருந்தால் நிரலே வேண்டாம். மென்பொருள் பிரவுசருக்குள் ஓடுகிறது என்றால் செலினியம் அல்லது பிளேரைட் லைப்ரரி சரி. விண்டோஸில் தனியாக நிறுவிய மென்பொருள் என்றால் பைவின்ஆட்டோ லைப்ரரியை முயன்று பாருங்கள். அது பொத்தானை அதன் பெயரைக் கொண்டே பிடிக்கும். திரையில் அது எங்கே இருக்கிறது என்ற கவலை இல்லை. இவை எதற்கும் அந்த மென்பொருள் பிடிகொடுக்காதபோதுதான் பைஆட்டோஜியுஐக்கு வரவேண்டும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பைஆட்டோஜியுஐ தானாக எதையும் பார்க்காது. 640, 380 என்ற புள்ளியில் கிளிக் செய் என்றால் செய்துவிடும். அந்த இடத்தில் ‘சேமி’ இருக்கிறதா, ‘அழி’ இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பார்க்கும் வேலையை நாம்தான் நிரலில் எழுதிச் சேர்க்க வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இதை விட்டுவிட்டதால் வருபவை.

இனி வேலைக்கு வருவோம். எக்செல் கோப்பை ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வடிவில் சேமியுங்கள். பைத்தானில் திறக்கும்போது என்கோடிங்கை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுங்கள். வெறும் ‘யூடிஎஃப்-8’ கொடுத்தால் முதல் நெடுவரிசைத் தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரில் நெடுவரிசையே இல்லை என்று பிழை வரும். பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலில், வேறெதுவும் சொல்லாதவரை, எல்லா மதிப்பும் எழுத்தாகவே வரும். பாண்டாஸ் லைப்ரரி கொண்டு படிப்பவர்கள் எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகவே படிக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 00417 என்ற பொருள் எண் 417 ஆகிவிடும்.

பிறகு ஒரே ஒரு பதிவைக் கையால் ஏற்றுங்கள். மவுஸை முதல் கட்டத்தில் கிளிக் செய்ய மட்டும் பயன்படுத்திவிட்டு, மற்ற எல்லாவற்றையும் டேப், என்ட்டர், குறுக்கு விசைகள் கொண்டே முடித்துப் பாருங்கள். எந்தக் கட்டத்துக்கு எத்தனை டேப், எங்கே என்ட்டர் என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் நிரல். மதிப்பைத் தட்டச்ச ‘ரைட்’, ஒற்றை விசைக்கு ‘பிரஸ்’, கன்ட்ரோல்-எஸ் போன்ற சேர்க்கைக்கு ‘ஹாட்கீ’. இந்த மூன்றும் ஒரு கிளிக்கும் போதும். கட்டத்தில் பழைய மதிப்பு தங்கியிருக்கக்கூடும் என்றால், எழுதுமுன் கன்ட்ரோல்-ஏ கொடுத்து அனைத்தையும் தேர்வு செய்துவிடுங்கள். எழுத்துகளைச் சில மென்பொருள்கள் விழுங்கிவிடும். அப்போது ‘ரைட்’டில் ‘இன்டர்வல்’ 0.03 முதல் 0.05 விநாடி வரை வையுங்கள்.

சேமித்ததும் அடுத்த பதிவுக்குத் தாவிவிடாதீர்கள். சேமித்த பின் திரையில் என்ன மாறுகிறது என்று கவனியுங்கள்: ஒரு செய்தி வருகிறதா, படிவம் காலியாகிறதா? அந்த மாற்றம் வரும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். 10 விநாடியில் வரவில்லையென்றால் நின்றுவிட வேண்டும். அடுத்த பதிவுக்குப் போகும் முன், முடிந்த வரியின் எண்ணை ஒரு தனிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். நிரல் இடையில் நின்றால் எழுதப்பட்ட கடைசி எண்ணுக்கு அடுத்த வரிதான் சந்தேகத்துக்குரியது. அது பாதியில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று மென்பொருளில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். முதல் ஓட்டத்தில் 3 வரிகள் போதும், சேமிக்கும் படியை நீக்கிவிட்டு.

நிரல் தறிகெட்டு ஓடத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. மவுஸ் என் கையில் நிற்பதே இல்லை.

மவுஸைத் திரையின் நான்கு மூலைகளில் ஏதாவது ஒன்றுக்கு விரைவாகத் தள்ளுங்கள். பைஆட்டோஜியுஐயின் மவுஸ், கீபோர்டு ஃபங்ஷன் ஒவ்வொன்றும் ஓடும் முன் கர்சர் மூலையில் இருக்கிறதா என்று பார்க்கும்; இருந்தால் ‘ஃபெயில்சேஃப்எக்செப்ஷன்’ எழுப்பி நிரலை நிறுத்தும். இந்தப் பாதுகாப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் நான்கு காரணங்கள் இருக்கலாம். ‘பாஸ்’ மதிப்பை 0 ஆக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் இயல்பாக 0.1 விநாடி இடைவெளி விடப்படுகிறது. நீங்கள் மூலைக்குப் போகக் கிடைக்கும் நேரம் அதுதான். சோதிக்கும் காலத்தில் அதை 0.5 அல்லது 1 ஆக்கி வையுங்கள். அடுத்து, நிரல் ‘டைம்.ஸ்லீப்’பில் 60 விநாடி தூங்கிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் மூலை கவனிக்கப்படாது. நீண்ட தூக்கத்தை ஒரு விநாடித் துண்டுகளாக உடைத்து, இடையில் ‘ஃபெயில்சேஃப்செக்’கை அழையுங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் கர்சர் மூலையில் நிற்காமல் பக்கத்துத் திரைக்கு வழுக்கிப் போகும். முதன்மைத் திரையின் வெளிப்புற மூலையைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது காரணம்தான் மிக மோசமானது. பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போகட்டும் என்று எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் ‘எக்செப்ட்’ ஒன்றை வளையத்துக்குள் போட்டிருப்பீர்கள். மூலைப் பாதுகாப்பு எழுப்பும் நிறுத்தத்தையும் அது பிடித்து விழுங்கிவிடும். நிரல் ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். ‘ஃபெயில்சேஃப்எக்செப்ஷ’னை முதலில் தனியாகப் பிடித்து மறுபடி எழுப்பிவிட்டு, அதன் பிறகு மற்றவற்றைக் கையாளுங்கள்.

‘ரைட்’ மூலம் தமிழ் எழுத்துகள் விழவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை.

‘ரைட்’ கீபோர்டில் உள்ள விசைகளை மட்டும்தான் அழுத்தும். ‘க’ என்ற எழுத்துக்கான விசை அதன் பட்டியலில் கிடையாது, சத்தமில்லாமல் தாண்டிவிடும். எனவே தட்டச்சை விட்டுவிட்டு ஒட்டும் வழிக்கு வாருங்கள். பைபர்க்ளிப் என்ற சிறு லைப்ரரியில் ‘காப்பி’ கொண்டு உரையைக் கிளிப்போர்டில் வைத்து, 0.2 விநாடி விட்டு, ‘ஹாட்கீ’யில் கன்ட்ரோல்-வி கொடுங்கள். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். லினக்ஸில் எக்ஸ்கிளிப் அல்லது எக்ஸ்செல் (இது எக்செல் அல்ல) நிறுவியிருக்க வேண்டும்.

தமிழ் உள்ளீட்டு முறை இயங்கும் நிலையில் ஆங்கில எழுத்துகளை ‘ரைட்’ செய்தால் அவையும் தமிழாக மாறி விழும். நிரலைத் தொடங்கும் முன் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், கேப்ஸ் லாக்கையும் அணையுங்கள்.

பெயர், முகவரி போன்றவை தப்பாமல் விழ வேண்டும் என்றால் ஒட்டிய பின் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி கொடுத்து, கிளிப்போர்டில் வந்ததை மூல உரையோடு ஒப்பிடச் சொல்லலாம். இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலில் உள்ள ‘நார்மலைஸ்’ கொண்டு இரண்டையும் ‘என்எஃப்சி’ வடிவுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டிய இடத்தில் கேள்விக்குறிகளாக வந்தால் குறை நிரலில் இல்லை. அந்த மென்பொருள் யூனிகோடை ஏற்காதது.

என் கணினியில் சரியாக ஓடும் நிரல், நண்பரின் கணினியில் தவறான இடங்களில் கிளிக் செய்கிறது.

திரையின் அளவு வேறாக இருக்கும், அல்லது விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேல் உங்களுக்கு 100 சதவீதமும் அவருக்கு 125 சதவீதமுமாக இருக்கும். ஸ்கேல் மாறினால் பொத்தான்களின் அளவும் இடமும் மாறும். முழுத்திரைப் புள்ளிகளை நிரலில் எழுதிவைக்கும் பழக்கத்தையே விடுவது நல்லது. விண்டோவின் இடது மேல் மூலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடுங்கள். விண்டோஸில் ‘கெட்விண்டோஸ்வித்டைட்டில்’ கொண்டு விண்டோவைப் பிடித்து, அதன் இடத்தையும் அளவையும் நிரலே ஒரே மாதிரி அமைத்துவிட்டால் இன்னும் உறுதி. ஸ்கேல் இரண்டு கணினியிலும் ஒன்றாக இருந்தால்தான் இதுவும் பலிக்கும். நிரலின் முதல் வரிகளில் ‘சைஸ்’ தரும் திரை அளவைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் ஓடாமல் நின்றுவிடச் செய்யுங்கள்.

பொத்தானின் படத்தைக் கொடுத்துத் திரையில் தேடச் சொல்கிறேன். சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் இல்லை. மெதுவாகவும் இருக்கிறது.

‘லொகேட்ஆன்ஸ்கிரீன்’ பிக்சல் பிக்சலாக ஒப்பிடுகிறது. ஒரு பிக்சலின் நிறம் இம்மி மாறினாலும் அதற்கு அது வேறு படம். எனவே படத்தைப் பிஎன்ஜி வடிவில்தான் சேமிக்க வேண்டும். ஜேபெக் சுருக்கும்போது நிறங்களைச் சிதைத்துவிடும். வாட்ஸ்அப் வழியாக அனுப்பி வாங்கிய படமும் உதவாது. பைஆட்டோஜியுஐயின் ‘ஸ்கிரீன்ஷாட்’ கொண்டே எடுத்து, பொத்தானின் ஓரம் ஒட்டி, பின்புலம் சேராமல் வெட்டுங்கள். மவுஸ் மேலே நின்றால் பல பொத்தான்கள் நிறம் மாறும். படம் எடுக்கும்போதும் தேடும்போதும் கர்சரை விலக்கி வையுங்கள். இருண்ட தீமுக்கு மாறினாலோ ஸ்கேலை மாற்றினாலோ படங்களை மறுபடி எடுத்தாக வேண்டும்.

ஓப்பன்சிவி-பைத்தான் என்ற லைப்ரரியை நிறுவினால் ‘கான்ஃபிடன்ஸ்’ என்ற அளவைக் கொடுக்கலாம். நிறுவாமல் கொடுத்தால் பிழைதான் வரும். 0.9இல் தொடங்குங்கள். கிடைக்கவில்லையே என்று 0.6 வரை இறக்காதீர்கள். ‘சேமி’யும் ‘மூடு’வும் ஒரே வடிவப் பெட்டிகளாக இருக்கும்போது ஒன்றுக்குப் பதில் மற்றொன்றில் கிளிக் விழும். கிடைக்காமல் நிற்பதைவிடத் தவறாகக் கிடைப்பது ஆபத்து.

வேகத்துக்கு ‘ரீஜன்’ போதும். இடது, மேல், அகலம், உயரம் என்ற வரிசையில் நான்கு எண்கள். மூன்றாவதும் நான்காவதும் வலது கீழ் மூலையின் புள்ளி என்று நினைத்துக் கொடுப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. 1920க்கு 1080 திரை முழுவதையும் தேட 1 முதல் 2 விநாடி ஆகலாம். பொத்தான் வரக்கூடிய மூலையை மட்டும் தேடச் சொன்னால் வெகுவாகக் குறையும். ‘கிரேஸ்கேல்’ ஓரளவு உதவும், ஆனால் நிறத்தால் மட்டுமே வேறுபடும் இரண்டு பொத்தான்களைக் குழப்பிவிடும்.

பழைய பதிப்புகளில் படம் கிடைக்காவிட்டால் ‘நன்’ திரும்பும். புதிய பதிப்புகளில் ‘இமேஜ்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன்’ எழும். பழைய நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டும்போது திடீரென்று நிற்பது இதனால்தான். காத்திருக்க வேண்டிய இடங்களில் ‘மின்சர்ச்டைம்’ என்ற அளவுக்கு 10 கொடுத்தால், 10 விநாடி வரை மறுபடி மறுபடி தேடும். முன்பே கிடைத்தால் உடனே திரும்பிவிடும். ‘ஸ்லீப் 10’ என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மேக்கில் நிரல் ஓடி முடிகிறது. மவுஸ் அசையவே இல்லை.

அனுமதி இல்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், அக்சஸிபிலிட்டியில் நீங்கள் பைத்தானை ஓட்டும் செயலியை (டெர்மினலோ, விஎஸ் கோடோ) அனுமதியுங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங்குக்கும் தனி அனுமதி வேண்டும்; அது இல்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டில் மற்றச் செயலிகளின் விண்டோக்கள் இல்லாமல் வால்பேப்பர் மட்டும் இருக்கும். அனுமதித்த பின் அந்தச் செயலியை மூடித் திறக்க வேண்டும். ரெட்டினா திரை என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: ஸ்கிரீன்ஷாட்டின் அகலம், ‘சைஸ்’ தரும் அகலத்தைப் போல் இருமடங்கா? அப்படியானால் படத் தேடலில் கிடைக்கும் புள்ளிகளை 2ஆல் வகுத்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள்.

லினக்ஸில் எதுவும் நடக்கவில்லை.

டெர்மினலில் ‘எக்ஸ்டிஜி செஷன் டைப்’ மாறியின் மதிப்பைப் பாருங்கள். வேலண்ட் (திரையையும் உள்ளீட்டையும் நிர்வகிக்கும் புதிய முறை) என்று வந்தால் அதுதான் காரணம். ஒரு செயலி மற்றொன்றின் உள்ளீட்டில் கைவைப்பதை வேலண்ட் திட்டமிட்டே தடுக்கிறது. பைஆட்டோஜியுஐயோ அதற்கு முந்தைய எக்ஸ்11ஐ நம்பி எழுதப்பட்டது. உள்நுழையும் திரையில் எக்ஸ்ஆர்க் (அதாவது எக்ஸ்11) அமர்வைத் தேர்வு செய்யும் வசதியை உங்கள் டிஸ்ட்ரோ இன்னும் தருகிறது என்றால் அதில் நுழையுங்கள். தரவில்லை என்றால் கெர்னலின் யூஇன்புட் வழியாக இயங்கும் ஒய்டூடூலைப் பாருங்கள். எக்ஸ்11இலேயே இருந்தும் நிறுவும்போது பிழை வருகிறவர்கள் பைத்தான்3-டிகே, பைத்தான்3-டெவ், ஸ்க்ரோட் ஆகிய மூன்றையும் நிறுவிவிட்டு முயலுங்கள்.

இரவு 2 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலரில் ஓட வைத்தேன். காலையில் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை.

கணினி பூட்டியிருந்தால் நிரல் கிளிக் செய்ய உங்கள் டெஸ்க்டாப் அதன் முன்னால் இருக்காது. ‘பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்ற தேர்வும் உதவாது. அப்படி ஓடும் நிரல் திரையே இல்லாத தனி அமர்வுக்குப் போய்விடும். ‘பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும்’ என்று வைத்து, திரைப் பூட்டும் தூக்க நிலையும் வராமல் செய்ய வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்பிலும் இதே கதைதான். இணைப்பைத் துண்டித்தாலோ அந்த விண்டோவை மினிமைஸ் செய்தாலோ திரை வரையப்படுவது நின்றுபோய், ஸ்கிரீன்ஷாட் கறுப்பாகவோ பிழையாகவோ வரும். நிர்வாகி உரிமையோடு ‘டிஎஸ்கான்’ கட்டளை கொடுத்து அமர்வை அந்தக் கணினியின் நேரடித் திரைக்கு மாற்றிவிட்டு வெளியேறலாம். ஆனால் அந்தக் கணினி பூட்டப்படாமல் திறந்தே கிடக்கும். யாரும் அணுக முடியாத அறையில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் ஓட வேண்டிய வேலைக்குத் திரையை நம்பும் நிரலே பொருத்தமில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. லினக்ஸ் என்றால் எக்ஸ்விஎஃப்பி என்ற மெய்நிகர் திரை ஒரு நல்ல மாற்று.

ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் கிளிக் விழுவதில்லை.

அது நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது. உங்கள் நிரல் சாதாரண உரிமையோடு ஓடுகிறது. மேல்நிலை உரிமை உள்ள விண்டோவுக்குக் கீழிருந்து உள்ளீடு அனுப்ப விண்டோஸ் விடாது. பைத்தானையும் நிர்வாகியாக ஓட்டுங்கள். அனுமதி கேட்டுத் திரை மங்கிவரும் பெட்டியை மட்டும் எப்படியும் நிரலால் அழுத்த முடியாது. அது தனி டெஸ்க்டாப்பில் வருகிறது. விளையாட்டுகளில் விசை வேலை செய்யாதது வேறு காரணத்தால். பல விளையாட்டுகள் விசையின் ஸ்கேன் கோடை (கீபோர்டு அனுப்பும் விசை எண்ணை) நேரடியாகப் படிப்பவை. அதற்குப் பைடைரக்ட்இன்புட் என்ற லைப்ரரி உண்டு. இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் விளையாட்டுகளில் இதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் விதிமீறல், கணக்கை முடக்கிவிடுவார்கள்.

கன்ட்ரோல்-ஆல்ட்-எச் அழுத்தினால் நிரல் தொடங்க வேண்டும். எப்படி?

பைஆட்டோஜியுஐ விசைகளை அனுப்பும், கேட்காது. கேட்பதற்குப் பைன்புட் லைப்ரரியில் ‘குளோபல்ஹாட்கீஸ்’ உண்டு. விசை அழுத்தப்பட்டதும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள்ளேயே நீண்ட வேலையைச் செய்யாதீர்கள். விண்டோஸில் அது முடியும்வரை கணினி முழுவதற்குமான உள்ளீடே உறைந்துபோகலாம். அங்கே ‘த்ரெடிங்.ஈவென்ட்’ ஒன்றை மட்டும் ‘செட்’ செய்துவிட்டு, முதன்மை நிரலில் அதற்காகக் காத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். உங்கள் நிரல் அனுப்பும் விசைகளும் இந்தக் காதில் விழும் என்பதால், தொடக்க விசையாக நிரல் பயன்படுத்தாத சேர்க்கையைத் தேர்ந்தெடுங்கள்.

கடவுச்சொல்லையும் நிரலே தட்டச்சு செய்யலாமா?

வேண்டாம். நிரல் கோப்பில் எழுதினால் கோப்பைத் திறக்கிற எவரும் படிக்கலாம். கிளிப்போர்டு வழியாக ஒட்டினால் விண்டோஸின் கிளிப்போர்டு வரலாற்றில் தங்கலாம். கர்சர் ஒரு கட்டம் தள்ளி நின்றால் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும்படி பெயர்க் கட்டத்தில் விழும். நீங்களே உள்நுழைந்த பின் நிரலைத் தொடங்குங்கள்; ‘கன்ஃபர்ம்’ பெட்டி ஒன்றைக் காட்டி, உள்நுழைந்து ஓகே அழுத்தும்வரை நிரல் காத்திருக்கலாம்.

‘டிராக்டூ’ செய்தால் கோப்பு பாதி வழியில் விழுகிறது.

‘டியூரேஷன்’ கொடுக்கவில்லை, அல்லது 0.1 விநாடிக்கும் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். அப்போது கர்சர் இழுபடாமல் ஒரே தாவலில் போய்விடும். 0.5 முதல் 1 விநாடி கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ‘மவுஸ்டவுன்’, சில பிக்சல் மட்டும் ஒரு சிறு நகர்வு, பிறகு ‘மூவ்டூ’, 0.2 விநாடி நிறுத்தம், ‘மவுஸ்அப்’ என்று உடைத்து எழுதுங்கள். இழுப்பு தொடங்கிவிட்டது என்பதை அந்தச் சிறு நகர்வில்தான் பல மென்பொருள்கள் உணர்கின்றன.

நிறுவிய பிறகும், ‘பைஆட்டோஜியுஐயில் கிளிக் என்று ஒன்று இல்லை’ என்று பிழை வருகிறது.

உங்கள் நிரல் கோப்புக்கே லைப்ரரியின் பெயரை வைத்திருக்கிறீர்கள். பைத்தான் லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்குமதி செய்கிறது. கோப்பின் பெயரை மாற்றி, பக்கத்தில் உருவாகியிருக்கும் ‘பைகேஷ்’ கோப்புறையையும் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். மாட்யூலே இல்லை என்று பிழை வந்தால் அது வேறு: கணினியில் இரண்டு பைத்தான் இருக்கும், ஒன்றில் நிறுவிவிட்டு மற்றொன்றில் ஓட்டுகிறீர்கள். நிரலை எந்தப் பைத்தான் கட்டளையால் ஓட்டுகிறீர்களோ, அதே கட்டளையோடு ‘-எம் பிப் இன்ஸ்டால்’ சேர்த்து நிறுவுங்கள்.